ஒரு மணித்தியாலப் பாடம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

மழை. பஸ் பிந்தி வந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர். ஈரக் காலுறையோடு ஆறு மணித்தியாலம் வகுப்பு.

இன்று நோவு பற்றிய பாடத்தின் கடைசி மணித்தியாலம், கஞ்சா. மருந்தாக எடுப்பது, சும்மா சந்தோசத்துக்கு எடுப்பது, இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரு மணித்தியாலம்தான். அதிலும் புரொஜெக்டர் வேலை செய்யாமல் பத்து நிமிடம் போயிற்று.

மூன்று வருடத்தில் இந்த வகுப்பு இப்படி நிமிர்ந்து இருந்து நான் பார்த்ததில்லை. இதயத்தைப் பற்றிப் படிப்பித்தபோது ஃபோனைத் தடவிக்கொண்டிருந்த பிள்ளைகள் இன்று கை உயர்த்தின. உடம்பில் எத்தனை நாள் நிற்கும்? பால் கொடுக்கிற தாய் எடுத்தால்? இங்கே கடையிலேயே சட்டப்படி விற்கிறதே, வயதானவர்கள் வாங்கிக்கொண்டு வந்து எங்களிடம் கேட்டால் என்ன சொல்வது? பின்வரிசையில் ஒருவன், மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். ப்ரொஃபசர் மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல கேள்வி, வீட்டில் தேடிப் பாருங்கள், இது சோதினைக்கு வராது என்றார். வராது என்றதும் பேனையை மூடிவிட்டேன். நாற்பத்தொரு வயதில் மூளையில் இருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

பக்கத்தில் நிவேதா. ரூஜ் பக்கத்துப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள், இருபது வயது. வகுப்பில் தமிழ் என்று நானும் அவளும்தான். என்னை அன்ரி என்கிறாள். முதல் நாளே அக்கா என்று கூப்பிடச் சொல்லியிருக்கலாம். இனிச் சொன்னால் சிரிப்பாள்.

"அன்ரி, தட்ஸ் இட்? ஒன் அவரா? கட்டில் விரிக்கப் பழக்க ஒரு கிழமை எடுத்தவை."

சிரித்தேன். பன்னிரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் கட்டில் விரிக்கிறவள் நான். எனக்கும் அந்த ஒரு கிழமை பழக்கினார்கள்.

இந்தக் கொப்பியை இவர் திறக்கமாட்டார், வாசிக்கிறதென்றால் அவருக்குப் பஞ்சி, கொட்டாவி வரும். இவரின் மூத்த அக்கா, மச்சாள், வந்தால் திறப்பார். ஆகவே இனிக் க. என்றே எழுதுவேன். மூன்றாம் வருடத் தாதி மாணவிக்கு ஒரு செடியின் பெயரை எழுதப் பயம்.

பார்க்க வேண்டியவை:
க. மற்ற மருந்துகளோடு?
மாமியின் ரத்த டெஸ்ட் நாள்
இவரின் ஜக்கெட் சிப்
வெங்காயம், பால்

ஒக்டோபர் 12, ஞாயிறு

வேலை ஏழிலிருந்து மூன்று. இரண்டு பேர் வரவில்லை. எட்டுப் பேரைக் குளிப்பாட்டினேன். முதுகு நோவு.

பின்னேரம் மச்சாளின் பேத்திக்கு முதலாவது பிறந்தநாள். வோபர்னில் ஹோல் எடுத்துச் செய்தார்கள். பலூன் வளைவு மட்டும் ஒரு கலியாணச் செலவு. ரோல்ஸ் நல்லது, கட்லட் உப்பு.

வாசலிலேயே ஒருவர், "நேர்ஸ் வாறா, நேர்ஸ் வாறா" என்றார். நான் இன்னும் நேர்ஸ் இல்லை என்று எத்தனை தரம் சொல்வது. எங்கள் சனத்துக்கு நேர்ஸுக்குப் படிக்கப் பெயர் கொடுத்த அன்றே நாங்கள் அரை டொக்டர். ஒரு அங்கிள் நாக்கை நீட்டிக் காட்டினார். ஒரு அன்ரி கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காலைக் காட்டினார். குழந்தை கேக் வெட்டும்போது நான் ஒருவரின் பிரஷர் குளிசைப் பெட்டியை வாசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பேச்சு க. பக்கம் போயிற்று. மச்சாள்தான் தொடக்கினார்.

"பிளாசாவில எங்கட நகைக்கடைக்குப் பக்கத்தில க. கடை. கண்ணாடி முழுக்க மறைச்சுக் கிடக்கு, உள்ளுக்குப் பாத்தால் எங்கட ஆக்கள். முழங்காலுக்கு எண்ணெய் வாங்கினமாம்."

நான் விளக்கினேன். அதற்குள் இரண்டு சாமான் இருக்கிறது, ஒன்று தலைக்கு ஏறும், மற்றது ஏறாது, ஏறாததை நோவுக்கு எடுக்கிறார்கள் என்று. செவ்வாய்க்கிழமை கேட்டது அப்படியே வாயில் வந்தது. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். கிழடுகளைக் கழுவித் துடைக்கிறவள் என்று என்னை இத்தனை வருடம் பார்த்த அதே முகங்கள்.

"அப்ப அம்மாவின்ர முழங்காலுக்குக் குடுக்கலாமோ சுகந்தி?" மச்சாள் கேட்டார். அவரின் அம்மா, என் மாமி.

"தலைக்கு ஏறாத எண்ணெய் எண்டால் பிரச்சினையில்லை மச்சாள். துளி துளியாக் குடுத்துப் பாக்கலாம்."

வாயில் ரோல்ஸ். எல்லோரும் தலையாட்டினார்கள். நன்றாக இருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் 16, வியாழன்

வெயில், ஆனால் குளிர். வெங்காயம், பால் வாங்கியாயிற்று. சிப் தைத்தாயிற்று.

நிவேதா ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். க. பற்றிய பாடத்துக்கு இன்னும் ஆறு மணித்தியாலம் வேண்டும், மருந்தாகவும் பொழுதுபோக்காகவும் எடுக்கிறவர்கள் எங்கள் நோயாளிகளாக வருவார்கள், தெரியாமல் அவர்கள் முன்னால் நிற்கமுடியாது என்று. நல்ல ஆங்கிலம். கீழே பெயர், பக்கத்தில் ஏன் வேண்டும் என்று ஒரு வரி. ஏற்கெனவே முப்பது பெயருக்கு மேல். "என் தாத்தாவின் புற்றுநோய்." "என் அண்ணன்." ஒருவன், "நானே எடுக்கிறேன், உண்மை தெரியவேண்டும்" என்று எழுதியிருந்தான், பெயரோடு. அவனுக்கு மாமியார் இல்லை.

"அன்ரி, சைன் பண்ணுங்கோவன்."

"பிறகு பாப்பம் பிள்ளை."

"இட்ஸ் ஜஸ்ட் அ லெட்டர், அன்ரி. க. வாங்கச் சொல்லேல்லை."

அவளின் தாய் போகிற கோயிலுக்குத்தான் என் மாமியும் போகிறார். அந்தக் கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்துக்கும் பிரசாதம் வாங்குகிற இடத்துக்கும் நடுவில் என் பெயர் எப்படி உருமாறும் என்று எனக்குத் தெரியும். சுகந்தி கையெழுத்து வைத்தாளாம், சுகந்தி க. படிக்கிறாளாம், சுகந்தி அடிக்கிறாளாம். மூன்று கிழமை போதும்.

பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லி ஓடினேன். பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. தரிப்பிடத்தில் நின்று விறைத்தேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

காற்று. பாதை முழுக்க மேப்பிள் இலை, வழுக்குகிறது.

மாமி இவரின் அம்மா, எழுபத்தெட்டு. மல்வேர்னில் எங்களோடு இருக்கிறார். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் குளிசை, தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு, நான் எடுத்துக் கொடுப்பேன். வேறு யார் கொடுத்தாலும் போடமாட்டார். "சுகந்தி வரட்டும்" என்பார். கலியாணம் செய்து வந்த புதிதில் என் கையால் தேத்தண்ணி குடிக்காத மனிசி.

இன்று அவரின் மேசையில் புதிதாக ஒரு சின்ன மண்ணிறப் போத்தல். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற சித்த மருந்துப் போத்தல், பழைய லேபல். மச்சாள் கொண்டுவந்ததாம். மச்சாளுக்கு வேறு வேலை இல்லை. போன வருடம் கருஞ்சீரகம், அதற்கு முதல் செம்புச் சொம்பு. முழங்காலில் பூசத்தானே என்று விட்டுவிட்டேன். மூடியைத் திறந்து மணந்துகூடப் பார்க்கவில்லை.

மாமி இரண்டு நாளாக நோவு குறைவு என்கிறார். படி இறங்கி வந்து தானே சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கு மனத்துக்குள் எரிச்சல், மச்சாளின் எண்ணெய் வேலை செய்கிறதே என்று.

நவம்பர் 2, ஞாயிறு

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். ஐந்து மணிக்கே இருட்டு.

மாமியின் கையில் நீலம் பாய்ந்த கண்டல். முழங்கைக்குக் கீழே ஒன்று, தொடையிலும் ஒன்றாம். கட்டில் கரையில் இடித்திருப்பார். குளிசையின் அளவு சரியோ என்று பார்க்கிற ரத்த டெஸ்ட் நாளைக்கு. எனக்கு நாளைக்குச் சோதினை. இவருக்கு வேலை. அடுத்த கிழமைக்கு மாற்றச் சொல்லி ஃபோன் எடுத்தேன். மச்சாளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கலாம். அவரிடம் ஒரு உதவி கேட்டால் மூன்று வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார்.

ரத்தம் இளக்கும் குளிசை எடுப்பவருக்கு இப்படிக் கண்டினால் என்ன அர்த்தம் என்ற கேள்விக்கு வகுப்பில் நான் முழுப் புள்ளி எடுத்தவள். இதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பனி. காலையில் வேலைக்குப் போகவில்லை, தடிமன் என்று சொல்லிவிட்டேன். நல்லகாலம்.

பத்து மணிக்கு மாமிக்கு மூக்கால் ரத்தம். பிடித்தேன், குனிய வைத்தேன், ஐஸ் வைத்தேன். அரை மணித்தியாலமாக நிற்கவில்லை. பல் முரசாலும் கசிந்தது. இவர் வேலையிடத்தில், ஃபோன் எடுக்கவில்லை. அம்புலன்ஸ். மச்சாளுக்கும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார், வீட்டுச் சட்டையோடு, குளிருக்குப் போர்க்காமல்.

எமேர்ஜென்சி நேர்ஸ் ஒரு கரீபியன் பெண், களைத்த முகம், நல்லவர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஃபோனில் வர நேரமாகும் என்றார். நானே சொல்கிறேன், நான் தாதி மாணவி என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், அந்த நேரத்திலும்.

கேள்விகள் வரிசையாக. பெயர், பிறந்த திகதி, அலர்ஜி. பிறகு: மூலிகை மருந்து, எண்ணெய், க. ஏதாவது எடுக்கிறாரா?

நான் மாமியிடம் கேட்டது: "மாமி, சித்த மருந்து, எண்ணெய் ஏதும் குடிக்கிறீங்களோ?" அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டேன். மாமியின் முகத்துக்கு முன்னால் அந்தச் சொல் எப்படி வரும்?

"எண்ணெய் இருக்குத்தானே" என்றார் மாமி. மூக்கில் பஞ்சு. "நாக்குக்குக் கீழ விடுறன், காலமையும் பின்னேரமும். பிள்ளை தந்தவ. நான் மாட்டன் எண்டனான். சுகந்தி படிச்சுப் பாத்து ஓம் எண்டவ எண்டு சொன்னாப் பிறகுதான் தொட்டனான்."

நாக்குக்குக் கீழே. நான் திரும்பி மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் நேர்ஸைப் பார்த்து ஆங்கிலத்திலேயே சொன்னார், அந்தக் கடையின் எண்ணெய், தலைக்கு ஏறாதது, மூன்று கிழமையாக என்று. பிறகு என்னிடம் தமிழில், மெதுவாக: "பேர் தெரிஞ்சால் அம்மா தொடமாட்டா. அதுதான் பழைய போத்தலுக்குள்ள விட்டனான்."

நேர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். மாமி என்ன சொன்னார்?

"மகள் கொடுத்ததாகச் சொல்கிறார்" என்றேன்.

பொய் இல்லை. மாமி சொன்ன ஐந்து வசனத்தில் ஒன்றை மொழிபெயர்த்தேன். நேர்ஸ் அதை எழுதினார். மச்சாளுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் விட்டதைத் திருத்தவில்லை. தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் சொன்னது: அந்த எண்ணெய், ரத்தம் இளக்கும் குளிசையை உடம்பிலிருந்து கழியவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ரத்தம் தண்ணீராகிவிட்டது. டெஸ்டைத் தள்ளிப்போடாமல் இருந்திருந்தால் பிடித்திருக்கலாம்.

நடைபாதைக் கதிரையில் இருந்து ஃபோனில் தேடினேன். நாலு நிமிடம் எடுத்தது. நாலே நிமிடம்.

நவம்பர் 10, திங்கள்

மாமிக்கு ரத்தம் நின்றுவிட்டது. இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள்.

இந்தக் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினேன். ஒக்டோபர் ஏழு. ஜக்கெட் சிப்புக்கு வெட்டுக் கோடு. வெங்காயத்துக்கு வெட்டுக் கோடு. மேலே இரண்டுக்கும் கோடு இல்லை. இவ்வளவு தெளிவாக என் கையெழுத்திலேயே இருக்கிறது.

இவருக்கு நேற்றே தெரியும், நேர்ஸ் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அக்காவை ஏசினார். சனம் திரும்பிப் பார்த்தது. "மூளையில்லையோ உனக்கு? அம்மாவைக் கொல்லப் பாத்தனியோ? இனி என்ர வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது. வீட்டில படிச்ச ஒருத்தி இருக்கிறாள், அவளை ஒரு வாத்தை கேட்டனியே?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரம் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. வரவில்லை என்பதும் பொய், நான் திறக்கவில்லை.

மச்சாள் காருக்குப் போகும்போது பின்னால் போனேன்.

"மச்சாள், அண்டைக்கு ஹோலில நான்..."

"விடு சுகந்தி. நீ படிச்சு முடி. உன்ர பேர் பழுதாகினால் உந்தப் படிப்புக்கு ஏதும் செய்வாங்களோ தெரியாது. இவன் சின்னனிலயிருந்து என்னை ஏசுறவன். எனக்குப் பழகிப்போச்சு."

கார்க் கதவைச் சாத்தினார். பிறகு கண்ணாடியை இறக்கி, "அம்மாவுக்கு ராவில கால் குளிரும், மேசு போட்டுவிடு" என்றார்.

பதினாறு வருடம் இந்த மனிசியைப் பற்றி இந்தக் கொப்பிகளில் நான் எழுதாத குறை இல்லை. இன்றைக்குப் பார்த்து நல்லவராக இருக்கிறார். அதைத்தான் தாங்கமுடியவில்லை. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசி ஆறியிருப்பேன்.

நவம்பர் 13, வியாழன்

பனி உருகிச் சேறு. மாமி செவ்வாய் வீட்டுக்கு வந்தார். மேசு போட்டுவிட்டேன். மகள் ஏன் வரவில்லை என்று இரண்டு நாளாகக் கேட்கிறார். மச்சாளின் வீடும் ரூஜில்தான், பத்து நிமிடம். தடிமன் என்று இவர் சொல்லி வைத்திருக்கிறார். எண்ணெய் என்ன எண்ணெய் என்று மாமிக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ப்ரொஃபசர் வகுப்பில் கடிதத்துக்குப் பதில் சொன்னார். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. பாடத்திட்டம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அடுத்த வருடம் பரிசீலிப்போம். நல்ல புன்னகை. பிறகு கை கழுவுவது பற்றி நாற்பது நிமிடம்.

நிவேதா விடுகிற மாதிரி இல்லை. இன்னும் பெயர் சேர்த்து மேலே அனுப்பப்போகிறாள். நானாகவே கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தேன். ஏன் என்ற கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தேன். "குடும்பத்தில் ஒருவர்" என்று எழுதினேன்.

"ஓ அன்ரி, சோ ஸ்வீட்" என்றாள் அவள். என் தோளைத் தடவினாள்.

நவம்பர் 15, சனி

திரும்பவும் பனி. இவர் காலையில் வழித்துவிட்டார், மதியத்துக்குள் மூடிவிட்டது.

சமையல்: பருப்பு, கத்தரிக்காய், மீன் பொரியல். மாமிக்கு இன்று கீரை இல்லை, குளிசைக்காக டொக்டர் கிழமைக்கு ஒரே அளவாகத்தான் சாப்பிடச் சொன்னார்.

மச்சாளுக்கு ஃபோன் எடுத்தேன், எடுக்கவில்லை. அம்மா நல்லா இருக்கிறாவோ என்று மெசேஜ் மட்டும் வந்தது.

பின்னேரம் ஆறு மணி. குளிசை நேரம். அளவு மாற்றிப் புதுக் குளிசை தந்திருக்கிறார்கள், நிறமும் வேறு. மாமி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவர் சோபாவில், டிவியில் ஹொக்கி.

"இது பழைய கலர் இல்லையே. போடலாமோ? நீ ஓம் எண்டால் போடுறன்."

"ஃபாமசியில கேட்டனான் மாமி. அவை சரியெண்டவை. என்னை நம்பிப் போடாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

கொதித்த தேத்தண்ணி மேசையில் இருந்தது. அதைத் தள்ளி வைத்தேன்.

"அந்த எண்ணெய் கஞ்சா எண்ணெய் மாமி. மச்சாள் என்னைக் கேட்டுத்தான் தந்தவ. குடுக்கலாம் எண்டு சொன்னது நான். இந்தக் குளிசையோட சேருமோ எண்டு பாக்காமல், ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு சொன்னனான். மச்சாளில பிழை இல்லை."

கஞ்சா. சத்தமாகத்தான் சொன்னேன், சோபா வரைக்கும் கேட்க வேண்டும் என்று.

இவருக்குக் கேட்டது. கழுத்துத் திரும்பவில்லை. ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மாமி கையை என் பக்கம் நீட்டினார். குளிசை இன்னும் உள்ளங்கையில், வியர்வையில் நிறம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அப்ப," என்றார், "இதைப் போடலாமோ?"